கூடாரத்துக்கு எந்த நிலம்?



கனடாவின் ரொறன்ரோ நகரிலே, ஸ்கார்பரோப் பகுதியில் வாழும் தாய் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு மடல் வந்திருக்கிறது. ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை அங்கே விடுமுறை. வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் வரை நீளும் அந்த நாள்களில், ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் கூடாரமடித்துத் தங்கவேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். பள்ளித் தோழர் எல்லாரும் போய்வந்துவிட்டனர், நாம் மட்டும் வீட்டிலா என்பது மூத்தவனின் வழக்கு. கணவருக்கோ தண்ணீரோரத்து இடமே வேண்டும். மைத்துனர் குடும்பமும் உடன்வருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆக மொத்தம் பதினொரு பேர், அவருள் இளையது இரண்டு வயதுக் குழந்தை. மாமியார் மட்டும், "கூடாரத்திலை நான் பட்டது காணும், என்னை விடுங்கோ" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். "எங்கே, எந்த இடத்தைத் தெரிவது? ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார் சகோதரி.

பனி கொட்டும் காலத்தில் கோடை விடுமுறையைப் பற்றிய கேள்வியா என்று சில வாசகர் வியக்கக்கூடும். வியக்க ஒன்றுமில்லை. நிலத்தைத் தெரிந்தெடுக்கவேண்டிய காலம் இதுவே. கேள்வியும் அற்பமானதன்று. நம் வாசகருள் பலருடைய பிள்ளைகளும் பேரர்களும் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர். ஒரு குடும்பம் மூன்று நாள் எங்கே உறங்கும், எங்கே உண்ணும், யார் கண்ணுறங்காது காத்திருப்பார் என்பதை எண்ணிப்பார்ப்பது இப்பகுதிக்குப் புறம்பான பொருளாகாது.

கூடாரத்துக்கு நிலம் பார்ப்பது நமக்குப் புதிய கலையுமன்று. மடுத் திருப்பதியின் ஆவணித் திருவிழாவுக்கு மாட்டு வண்டிலில் போன தலைமுறை நாம். காட்டு மரங்களின் கீழே கிடுகும் சாக்கும் கட்டி, மூன்று கல் அடுப்பு வைத்து, நாள்கணக்கில் தங்கியிருப்போம். வண்டில் நின்றதும் நம் தந்தையார் உடனே மாடுகளை அவிழ்த்துவிடமாட்டார். முதலில் அண்ணாந்து பார்ப்பார். பட்ட கொப்பு தலைக்கு மேலே நிற்கிறதா? பின்பு குனிந்து பார்ப்பார். புற்று உண்டா, மழை பெய்தால் வெள்ளம் எப்பக்கம் ஓடும்? அதன்பின் கிணற்றுக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்ப்பார். காற்று எப்பக்கம் வீசுகிறது, பக்கத்து அடுப்பின் புகை நம் குழந்தைகளின் கண்ணில் விழுமா என்பதையும் நோக்குவார். இவ்வளவும் ஆனபின்பே மற்றவை.

இவ்வளவும் கண்டு வளர்ந்த நாமே ஒருமுறை தவறினோம் என்பதைச் சொல்லியாகவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குச் சென்று ஒரு கோடையைக் கனடாவில் கழித்தோம். அவ்வேளை இத்தகைய நீண்ட விடுமுறை ஒன்றில் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். படத்தைப் பார்த்து, நீரை முகங்கொண்ட இடத்தையே எல்லாரும் ஒருமனதாய்த் தெரிந்தெடுத்தோம். கூடாரத்தின் வாசலிலிருந்து தண்ணீர் இருபது எட்டுக்கூட இராது. கழிப்பறையோ நெடுந்தொலைவு. இரண்டாம் நாள் விடியுமுன் நாம் எழுந்து அங்குப் போய்த் திரும்பிவருகையில், நான்கு வயதுப் பேத்தி தனியே ஏரிக்குள் நிற்கக் கண்டோம். நீர் அவளுடைய இடுப்பளவு. கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடாரத்தின் இழுபூட்டைத் தானே திறந்து வெளியேறியிருக்கிறாள். பெற்றோர் நல்ல உறக்கம். இன்னும் நான்கு எட்டு உள்ளே வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ண இன்றும் மனம் நடுங்குகிறது. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவுவதில்லை, கையசைப்பதுமில்லை, ஓசையின்றியே அமிழ்ந்துபோகும். அன்று காலை எவரும் உணவில் கைவைக்கவில்லை. குறை பூங்காவினுடையது அன்று. அழகைப் பார்த்து நிலத்தைத் தெரிந்து, குழந்தையைப் பார்க்கத் தவறிய நம்முடையதே.

ஆதலின் சகோதரிக்கு நாம் சொல்லும் முதல் விதி இது: குடும்பத்தில் யார் மிகவும் வலுவற்றவரோ அவருக்கு ஏற்ற நிலமே குடும்பத்துக்கு ஏற்ற நிலம். உங்கள் வீட்டில் அவர்கள் இருவர். ஒருவர் இரண்டு வயதுக் குழந்தை, மற்றவர் மாமியார். மற்ற ஒன்பது பேரும் எங்கும் சமாளித்துக்கொள்வர். இவ்விருவரையும் மனத்திற்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, காலம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில், போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்குப் பதிவு திறக்கிறது. யூலை இறுதி வெள்ளியோ ஓகஸ்ட் முதல் வெள்ளியோ போய்ச்சேர எண்ணுவோர் பெப்ரவரி இறுதியிலோ மார்ச் முதலிலோ கணினியின் முன் அமர்ந்திருக்கவேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. புதன்கிழமையே போய்ச்சேருவோருக்குப் பதிவு இரண்டு நாள் முன்னதாகத் திறந்துவிடும். அவர்கள் புதன் முதல் திங்கள் வரை சேர்த்துப் பதிந்துகொள்வர். வெள்ளிக்குரிய வாசல் திறக்கும்போது நல்ல இடங்கள் பல முன்னமே போயிருப்பதன் காரணம் இதுவே. கணவருக்கு இரண்டு நாள் விடுப்பு மேலதிகமாகக் கிடைக்குமாயின் நீங்களும் அவ்வாறு செய்யலாம். கிடையாவிட்டால் மனந்தளரவேண்டா. பதிந்தோர் பலர் பின்னர் கைவிடுவர். யூன், யூலை மாதங்களில் அடிக்கடி பார்த்தால் விட்ட இடங்கள் கிட்டும். இன்னொன்றும் சொல்வோம். அதே பூங்கா அடுத்த கிழமை நடுவில் பாதி வெறுமையாய் இருக்கும். பிள்ளைகள் கேட்பது கூடாரத்தையே. நாள்காட்டியின் சிவப்பு எழுத்தை அல்ல.

இரண்டாவது, தொலைவு. அல்கொங்குயின் பூங்காவின் புகழைக் கேட்டிருப்பீர்கள். 1893 இல் நிறுவப்பெற்றது. ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள காடும் ஏரியும். ரொறன்ரோவிலிருந்து சாதாரண நாளில் மூன்று மணிநேரப் பயணம். ஆனால் நீண்ட விடுமுறையின் வெள்ளி மாலையில் நகரமே வடக்கு நோக்கிப் புறப்படும். இருட்டிலே, பசித்து அழும் குழந்தையை ஒரு கையிலும் கூடாரக் கம்பியை மறுகையிலும் பிடித்து நிற்பது இன்பப் பயணமாகாது. முதன்முறை போவோர் அண்மையிலே தொடங்குவது நலம். ஸ்கார்பரோவுக்குக் கிழக்கே ஒரு மணிநேரத்துள் டார்லிங்டன் பூங்கா இருக்கிறது. நெடுஞ்சாலையின் இரைச்சல் சிறிது கேட்கும் என்பது மெய்யே. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றிரவே வீடு திரும்பலாம் என்பதும் மெய்யே. இன்னும் சற்றுக் கிழக்கே பிரெஸ்கீல் பூங்கா. அதன் மணற்கரையில் நீர் ஆழமற்றது. ஒரு கோடை அருகிலே பழகிக்கொண்டால் அல்கொங்குயின் அடுத்த கோடைக்குக் காத்திருக்கும்.

மூன்றாவது, தண்ணீர். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் நீராடு கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. இதை அறியாது, கூட்டம் நிறைந்திருப்பதால் யாரோ காவல் இருப்பர் என்று நம்புவோர் பலர். கரைக்குக் கரை இயல்பும் வேறு. சாண்ட்பாங்ஸ் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவுட்லெட் எனப்படும் கரையில் நீர் மெல்ல மெல்ல ஆழமாகும், சிறுவருக்கு ஏற்றது. அதே பூங்காவின் மணற்குன்றுக் கரையிலோ சில எட்டுக்குள் தரை திடுமெனச் சரிந்துவிடும். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும் நாளில், காற்றடித்த மிதவைகளில் இருக்கும் பிள்ளைகளை அது உள்ளே இழுத்துச் செல்லும். ஆதலால் கூடாரம் நீரோரத்தில் வேண்டா. நீருக்கும் உங்களுக்குமிடையே ஒரு வரிசை மரமும் ஒரு பாதையும் இருக்கட்டும். குழந்தை நீரில் நிற்கும்போது வளர்ந்தவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்கவேண்டும். பல பூங்காக்கள் மிதவை அங்கிகளை இரவல் கொடுக்கின்றன; கேட்டு வாங்குங்கள். பதினொரு பேர் இருக்கையில் "யாரோ பார்ப்பார்" என்பதே ஆபத்து. மணிக்கொருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். காவல் முறை உள்ளவர் கையில் கைப்பேசி இருத்தலாகாது.

நான்காவது, பூங்காவுக்குள்ளே எந்த இலக்கத்து இடம் என்பது. பதிவுப் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் நிழல், மறைவு, தரையின் சாய்வு ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். பலவற்றுக்குப் படமும் உண்டு. பொறுமையோடு படியுங்கள். கழிப்பறைக் கட்டடத்துக்கு மிக அருகே வேண்டா. இரவெல்லாம் விளக்கும் கதவோசையும் நடமாட்டமும் உறக்கத்தைக் கெடுக்கும். மிகத் தொலைவும் வேண்டா. நள்ளிரவில் மாமியாரை மகள்மார் கைப்பிடித்து நடத்திச்செல்லவேண்டும். ஓர் ஐம்பது அறுபது எட்டு, மேடுபள்ளமற்ற பாதை; அதுவே அளவு. பாதை திரும்பும் முடக்கில் உள்ள இடத்தைத் தவிருங்கள். கார் விளக்கு இரவிலும், மிதிவண்டிச் சிறுவர் பகலிலும் தொல்லை. மின்வசதி உள்ள பகுதியிலே பெரிய வண்டிகள் நெருங்கி நிற்கும். வானொலி முதலியவற்றுக்கு முற்றாகத் தடையுள்ள பகுதிகள் சில பூங்காக்களில் உண்டு. அல்கொங்குயினில் பொக் ஏரியின் ஒரு பகுதி அத்தகையது. மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறையில் பல பூங்காக்கள் மதுவையே தடைசெய்கின்றன. சிறுவரோடு செல்வோருக்கு இவை வரங்களே.

நம் மக்களுக்கு இங்கே ஒரு சொல். ஓரிடத்துக்குப் பொதுவாக ஆறு பேர் என்பது அங்கே விதி. பதினொரு பேருக்கு அடுத்தடுத்த இரண்டு இடங்களைச் சேர்த்துப் பதியுங்கள். இரண்டையும் ஒருவரே ஒரே வேளையில் பதிய முயன்று ஒன்றைப் பறிகொடுப்பதினும், நீங்கள் ஒன்றும் மைத்துனர் மனைவி ஒன்றுமாக ஒரே நேரத்தில் முயல்வது நன்று. போன பின் பழக்கப்பட்டோர் பத்துப் பேரைத் தொலைபேசியில் அழைத்து விருந்து வைப்பது நம்மவர் பெருந்தன்மைதான். ஆயினும் மெல்லிய கூடாரச் சீலைக்கு அப்பால் அயலாரின் குழந்தையும் உறங்குகிறது.

ஐந்தாவது, தந்தையார் சொன்ன அண்ணாந்து பார்த்தல். 2022 ஆம் ஆண்டு மே 21 ஆம் நாள், விக்டோரியா நாள் விடுமுறையின் சனிக்கிழமை, தென் ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் பெரும் புயற்காற்று ஊடறுத்துச் சென்றது. மாண்டோருள் பெரும்பாலோர் மரம் வீழ்ந்து மாண்டனர். பாளையமிறங்கியிருந்தோரும் அதற்குத் தப்பவில்லை. ஆகவே போய்ச் சேர்ந்ததும் மேலே பாருங்கள். பட்ட மரமோ தொங்கும் கொப்போ நின்றால் கூடாரத்தை அப்பால் அடியுங்கள். பூங்காப் பணியாளரிடமும் சொல்லுங்கள். பின்பு கீழே பாருங்கள். பள்ளமான தரை படுக்க மெத்தென்றிருக்கும்; மழை வந்தால் அதுவே குளம். இடியுடன் மழை வருமென்று அறிவித்தால் கூடாரத்தை நம்பாதீர்கள். எல்லாரும் காருக்குள் ஏறி இருங்கள்.

அடுப்பங்கரை இன்றிச் சமையல் உண்டா? அதிலும் சில கவனிக்கவேண்டியன. கருவாட்டின் மணம் நமக்கு மட்டும் இனியதன்று. கரடிக்கும் ரக்கூனுக்கும் அது அழைப்பிதழ். உணவு, குப்பை, பற்பசை, குழந்தையின் பால்மா வரை எதுவும் கூடாரத்துள் இருத்தலாகாது. இரவில் அனைத்தையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாது அங்கேயே வாங்குங்கள். 2002 இல் அப்பகுதியிற் கண்டறியப்பட்ட மரகத நிற வண்டொன்று ஆஷ் மரங்களைத் திரள்திரளாய் அழித்துவருகிறது. அது ஊர்விட்டு ஊர் பரவுவதற்கு விறகும் ஒரு வாகனம். எல்லாவற்றினும் மேலாக, இரவு குளிர்கிறதென்று கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துள் எடுத்துச்செல்லாதீர்கள். அதிலிருந்து எழும் கார்பனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கவரும். குளிருக்கு மருந்து இன்னொரு போர்வையே.

பூச்சிகளையும் சொல்லிவிடுவோம். மே நடுவிலிருந்து யூன் முடிவுவரை வடக்கே கறுப்பு ஈ கடித்துக் குருதி வழியச் செய்யும். அதனால் குழந்தையோடு போவோருக்கு மே விடுமுறையைவிட ஓகஸ்டும் செப்ரெம்பரும் நல்லவை. ஏரிக்கரைப் புற்களிலே உண்ணி உண்டு. லைம் என்னும் நோயைப் பரப்பக்கூடியது. மாலைதோறும் பிள்ளைகளின் காதுமடற்புறமும் முழங்கால் மடிப்பும் பாருங்கள்.

இனி, மாமியாரின் சொல்லுக்கு வருவோம். மடலிலே அதை நீங்கள் ஓர் இடையூறாகவே குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாமோ அதுவே மடலின் நடுப்பொருள் என்று எண்ணுகிறோம். அவர் எவ்வூரவர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆயினும் அவருடைய வயதினரான நம்மவர் பலருக்குக் கூடாரம் என்பது விளையாட்டன்று. நாம் சிறுவயதில் மகிழ்ந்து தங்கிய அதே மடுக் காடு 1990களில் ஆயிரக்கணக்கான அகதிகளின் உறைவிடமாயிற்று. 1999 நவம்பரில் எறிகணை வீழ்ந்து, அங்கே தஞ்சம் புகுந்திருந்தோருள் பலர் மாண்டனர். தறப்பாளின் கீழே மழை ஒழுக ஒழுகக் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்திக்கு, காசு கொடுத்துக் கூடாரத்தில் உறங்குவது எங்ஙனம் இன்பமாகும்? "அம்மாவுக்கு விளங்காது" என்று சொல்லிவிடாதீர்கள். நமக்குத்தான் விளங்கவில்லை.

அவரை வற்புறுத்தி அழைத்துச் செல்லவும் வேண்டா. தனியே வீட்டில் விட்டுச் செல்லவும் வேண்டா. முதலில் மகன், உங்கள் கணவர், அருகிருந்து கேட்கட்டும். எது அச்சம், எது சலிப்பு, எது முழங்கால் நோவு என்று. தரையிற் படுப்பதுதான் தடையென்றால் மடக்குக் கட்டில் போதும். கூடாரமே தடையென்றால், அல்கொங்குயினின் மியூ ஏரி, பைனரி, மக்கிரெகர் பொயின்ற் போன்ற இடங்களில் யேர்ட் எனப்படும் வட்டக் குடில்கள் வாடகைக்கு உண்டு. பலகைத் தரை, அடுக்குக் கட்டில், மின்விளக்கு, கதவு ஆகியவற்றோடு அவை வீடு போலவே இருக்கும். எண்ணிக்கையில் சிலவே ஆதலால் மிக முந்திப் பதியவேண்டும். அதுவும் மனத்துக்கு ஒவ்வாதெனில், பகலெல்லாம் ஏரிக்கரையில் இருந்து இரவு வீடு திரும்பத்தக்க டார்லிங்டனே உங்களுக்கு ஏற்ற நிலம். அவரோடு ஒருவர் மாலையில் திரும்பட்டும். மறுநாள் காலை இடியப்பத்தோடு வந்து சேரட்டும். பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மடுவிலே தந்தையார் மேலும் கீழும் பார்த்து, கிணற்றை அளந்து, காற்றை நோக்கிய பின்னும் மாடுகளை அவிழ்க்கவில்லை என்று சொன்னோம் அல்லவா? கடைசியாக அவர் செய்வது ஒன்று மிச்சம் இருக்கும். வண்டிலுக்குள்ளிருந்து அப்பாச்சியைக் கைகொடுத்து இறக்கி, மரவேரின் மேல் சாக்கை மடித்துப் போட்டு இருத்துவார். "அம்மா, இதிலை இறங்குவமோ?" என்று கேட்பார். அப்பாச்சி நாற்புறமும் பார்த்துத் தலையசைத்த பின்பே நுகத்திலிருந்து கயிறு கழலும். ஓராண்டு அவர் "வேண்டாம்" என்றார், காரணமும் சொல்லவில்லை. தந்தையார் ஒரு வார்த்தை பேசாது வண்டிலை அடுத்த மரத்துக்கு ஓட்டிச்சென்றார்.

சகோதரி, பெப்ரவரி முடிவதற்குள் மாமியாரிடம் கேட்டுவிடுங்கள். பதிவெல்லாம் அதன்பின் ஆகட்டும். கோடை கழிந்ததும், எங்கே போனீர்கள், எப்படி உறங்கினீர்கள் என்று நமக்கு ஒரு வரி எழுதுங்கள்.